தவிர்க்க முடியாத காரணத்தினால்

எங்கள் வகுப்பு இடாப்போடு எப்போதும் ஒரு பெரிய கடித உறை இருக்கும். பிள்ளைகள் வராத நாட்களுக்காகப் பெற்றோர் எழுதி அனுப்பும் கடிதங்களை வகுப்பாசிரியை அதற்குள்தான் போட்டு வைப்பார். வகுப்புத் தலைவி என்ற வகையில், காலையில் அக்கடிதங்களைச் சேர்த்து அவரிடம் கொடுப்பது என் பொறுப்பு. சென்ற தவணையின் கடைசி வாரத்தில், "எல்லாத்தையும் திகதிப்படி அடுக்கித் தாங்க மகள்" என்று டீச்சர் சொன்னார். உறையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக விரித்தேன்.

காய்ச்சல் என்று எழுதியிருந்தவர்கள் சிலர். வயிற்றுவலி என்று எழுதியிருந்தவர்கள் சிலர். மாமியின் மகளுக்குக் கல்யாணம் என்று உண்மையை அப்படியே எழுதியிருந்தவர் ஒரேயொருவர். மிகுதியில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் சொல்லின. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் "டியூ டு அன்அவொய்டபிள் சேர்கம்ஸ்டன்ஸஸ்" என்று எழுதியிருந்தார்கள். தமிழில் எழுதியவர்கள் "தவிர்க்க முடியாத காரணத்தினால்" என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து வேறு, தாள் வேறு, பேனை வேறு. காரணம் மட்டும் ஒன்று. இன்னும் சரியாகச் சொன்னால் அங்கே காரணமே இல்லை. காரணம் ஒன்று இருக்கிறது என்ற அறிவித்தல் மட்டும்தான் இருக்கிறது.

அவற்றுள் மூன்று கடிதங்களின் ஆங்கிலம் என்னுடையது. என் தோழி ஒருத்திக்காக நான் எழுதிக் கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் துணிந்தேன்.

இந்தச் சொற்றொடரை யாரும் எங்களுக்கு ஒரு பாடமாகக் கற்பித்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். சாதாரண தரத்தில் ஆங்கிலக் கடிதமும் அறிவித்தலும் எழுதிப் பழகிய காலத்தில் அது எங்கள் கொப்பிகளுக்குள் வந்து சேர்ந்தது. விளையாட்டுப் போட்டி பிற்போடப்பட்டதாக ஓர் அறிவித்தல் எழுதச் சொன்னால், மழை என்று எழுதலாம். ஆனால் மழை என்பது சின்னச் சொல். இதுவோ நீளமானது, எழுத்துக் கூட்டக் கடினமானது. பிழையில்லாமல் எழுதினால் சிவப்புப் பேனையால் ஒரு சரி அடையாளம் கிடைக்கும். நானும் மனனம் செய்தேன். உம்மாவின் சாரியை எடுத்து உடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும் சிறுமியைப் போல, அந்தச் சொற்களை எழுதும்போது நானும் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கவனித்தால் அது எங்கும் இருந்தது. மேலதிக வகுப்பின் வட்ஸ்அப் குழுவில், தவிர்க்க முடியாத காரணத்தினால் இன்று வகுப்பு இல்லை. கடைக் கதவில், தவிர்க்க முடியாத காரணத்தினால் இன்று கடை பூட்டு. பரிசளிப்பு வைபவங்களில், தவிர்க்க முடியாத காரணத்தினால் பிரதம அதிதி சமுகமளிக்க முடியாமற் போனமைக்கு வருந்துகிறோம். அதே நேரத்தில் அவர் வேறொரு மேடையில் பொன்னாடையோடு நிற்கும் படத்தை மறுநாள் முகநூலில் பார்த்து நாங்கள் சிரித்ததும் உண்டு. எங்கள் ஊரில் ஓர் அறிவித்தல் மூன்று மொழிகளில் ஒட்டப்பட்டால், மூன்று மொழிகளிலும் காரணம் இருக்க வேண்டிய இடம் ஒரே மாதிரி வெறுமையாக இருக்கிறது.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அறிய நூலகத்தில் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். "டியூ" என்ற சொல்லுக்கு மூலப்பொருள் கடன்பட்டது, கொடுக்க வேண்டியது என்பதாகும். "டெட்" என்ற கடனைக் குறிக்கும் சொல்லும் அதுவும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் "டியூ டேட்" என்று முத்திரை குத்துவது அதனால்தான். அந்தத் திகதிக்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். "சேர்கம்ஸ்டன்ஸ்" என்பதோ இலத்தீனில் சுற்றி நிற்பது என்ற இரு சொற்களின் சேர்க்கை. எங்கள் "சூழ்நிலை"யும் அப்படியே அமைந்திருக்கிறது: சூழ், நிலை. இரண்டு மொழிகளும் ஒரே விதமாக யோசித்திருப்பதைக் கண்டு சந்தோஷமாக இருந்தது.

"டியூ டு" என்பதைப் பற்றி ஒரு பழைய சண்டையும் இருக்கிறது. அதை "காரணத்தினால்" என்ற பொருளில் இப்படித் தனியே எழுதக்கூடாது, "ஓவிங் டு" என்றுதான் எழுத வேண்டும் என்று பழைய இலக்கணக்காரர் வாதாடினார்கள். 1926இல் வெளியான ஃபௌலரின் ஆங்கில வழக்கு நூலும் அதைக் கண்டித்தது. இன்று அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. யாரும் அதற்காகப் புள்ளி குறைப்பதில்லை. எனக்கு இதில் சுவையாகப் பட்டது வேறொன்று. "ஓவிங்" என்றாலும் கடன், "டியூ" என்றாலும் கடன். யார் வென்றிருந்தாலும், காரணம் சொல்ல வருகிற இடத்தில் ஒரு கடன் நிற்கிறது. அந்தக் கடனைத் தீர்க்காமல் நழுவிப் போவதற்கே நாம் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

தமிழில் இன்னொன்றையும் கவனியுங்கள். "தவிர்க்க முடியாத" என்றால், யாரால் தவிர்க்க முடியாத? "என்னால் தவிர்க்க முடியவில்லை" என்று சொன்னால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார். அவர் முயன்றாரா, எங்கே தடுமாறினார் என்று நாம் கேட்கலாம். "தவிர்க்க முடியாத காரணத்தினால் ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்றால், தவிர்க்க முடியாதவரும் தெரியாது, ஒத்திவைத்தவரும் தெரியாது. செயப்பாட்டு வினையைப் படிப்பித்தபோது, செய்தவரைச் சொல்லாமலே வசனத்தை முடிக்கலாம் என்று தமிழாசிரியை சொன்னார். அதன் பயன் என்ன என்று அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

இதெல்லாம் ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை விசாரணை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாளின் கணக்கைச் சொல்கிறேன்.

என் வாப்பா சிறிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஒரு பத்திரத்தின் பிரதி எடுப்பதற்காக ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி ஓர் அலுவலகத்துக்குப் போனார். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தவிர்க்க முடியாத காரணத்தினால் இன்று சேவை வழங்கப்படமாட்டாது, ஏற்படும் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். வாப்பா அங்கேயே நின்றார். அவரைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கரண்ட் இல்லையென்றால் ஒரு மணித்தியாலம் காத்திருக்கலாம். கணினி பழுதென்றால் நாளைக்கு வரலாம். அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தால் அடுத்த வாரம் வரலாம். எது என்று தாளில் இல்லை. உள்ளே இருந்தவரிடம் கேட்டதற்கு, அறிவித்தலைப் பார்க்கும்படி சொன்னாராம். பகல் பன்னிரண்டு வரை நின்றுவிட்டு வாப்பா திரும்பி வந்தார். மறுநாளும் போனார். மறுநாளும் அதே தாள்.

அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே வாப்பா சொன்னார்: "பூட்டினதுக்கு எனக்குக் கோவம் இல்ல மகள். மெஷின் எண்டா பழுதாகத்தான் செய்யும். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் ரெண்டாவது நாளும் கடையப் பூட்டியிருக்க மாட்டன்."

அந்த ஒரு பேச்சிலிருந்து நான் கற்றது இது. காரணம் சொல்வது ஆவலைத் தீர்ப்பதற்காக அல்ல. காரணம் தெரிந்தால்தான் வாசிப்பவர் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியும். காரணத்தை மறைப்பவர் ஒரு தகவலை மட்டும் மறைக்கவில்லை. மற்றவருடைய நாளைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார்.

நேரே காரணம் சொன்னால் கஷ்டத்தைக்கூட மனிதர் தாங்கிக்கொள்வார்கள் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2022இல், நாங்கள் சிறிய வகுப்புகளில் இருந்தபோது, எரிபொருள் இல்லாமல் மின்வெட்டு வந்தது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்தக் காலம் இனி யாருக்கும் வரவேண்டாம். ஆனாலும் எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு மின் நிற்கும் என்று ஆங்கில எழுத்துகளின் கீழ் அட்டவணை வெளியானது. எங்கள் வீடு எந்த எழுத்து என்பது தம்பிக்குக்கூட மனனம். உம்மா அதைப் பார்த்துத்தான் சீருடைக்கு அயன் போட்டார், தேங்காய் அரைத்தார், என்னைப் படிக்க எழுப்பினார்.

2024இல் உயர்தரப் பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கி இரண்டு நாட்கள்தான் நடந்தது. சீரற்ற காலநிலையும் வெள்ளமும் காரணமாக 27ஆம் திகதியிலிருந்து நிறுத்தப்பட்டது. டிசம்பர் 4ஆம் திகதி மீண்டும் ஆரம்பமானது. எழுதிக்கொண்டிருந்த அக்காமாருக்கு அது பெரிய பதற்றம். ஆனால் ஏன் என்பது தெரிந்தது, எப்போது என்பதும் தெரிந்தது. வெள்ளம் உண்மையிலேயே தவிர்க்க முடியாதது. உண்மையிலேயே தவிர்க்க முடியாததற்கு அந்த அடைமொழி தேவைப்படுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? வெள்ளம் என்றால் போதும்.

மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன் எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற வருடம் எங்கள் தமிழ் மன்றத்தின் விவாதப் போட்டி "தவிர்க்க முடியாத காரணத்தினால்" ஒத்திவைக்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அறிவித்தலை எழுதியவள் நான். மண்டபத்துக்கான கோரிக்கைக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுக்க நாங்கள் மறந்துவிட்டோம். அதுதான் காரணம். அது தவிர்க்க முடிந்த காரணம். ஒரு சிறு பிள்ளையை அனுப்பியிருந்தாலும் தவிர்த்திருக்கலாம். நாங்கள் மறந்துவிட்டோம், மன்னியுங்கள் என்று எழுத வெட்கமாக இருந்தது. ஆகவே எங்கள் மறதிக்கு ஒரு கோட்டு போட்டு அனுப்பிவிட்டோம். இரண்டு வாரமாகப் பேச்சைப் பாடமாக்கியிருந்த தரம் 10 தங்கைமார், தங்களுடைய அணியில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக் கவலைப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்களிடம் இந்தப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி என் தோழியின் கடிதங்களுக்கு வருகிறேன்.

தரம் 12இன் இரண்டாம் தவணையில், ஓர் இடைவேளையில் அவள் என்னிடம் வந்தாள். ஆங்கிலத்தில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி என்று வகுப்பில் ஒரு பெயர். "யாரும் ஒண்டும் கேக்காத மாதிரி ஒரு லெட்டர் எழுதித் தாறியா?" என்று கேட்டாள். இரண்டு நாட்கள் அவள் வந்திருக்கவில்லை. நான் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி. நடுவில் அந்த நான்கு சொற்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கி வந்தாள். டீச்சர் வாசித்தார், உறைக்குள் போட்டார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் ஆங்கிலத்தைப் பாராட்டுகிறாள் என்று நான் நினைத்தேன்.

அடுத்த முறை நான்கு நாட்கள். அதற்கும் எழுதிக் கொடுத்தேன். முதல் கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன், திகதியை மட்டும் மாற்றினேன். மூன்றாம் முறை இரண்டு வாரத்துக்குக் கிட்ட. அப்போதும் எழுதினேன். அதன்பின் அவள் வரவில்லை. கடிதமும் வரவில்லை. தவணைப் பரீட்சை வந்தது. அவளுடைய மேசை வெறுமையாக இருந்தது. சுற்றுலா போயிருப்பாள், கல்யாணம் பேசுகிறார்களாம் என்று வகுப்பில் பல கதைகள். அவற்றில் எதுவுமே உண்மை இல்லை. வெறுமையான இடத்தை யாராவது எதையாவது போட்டு நிரப்பத்தான் செய்வார்கள்.

உறையைக் கொட்டி அடுக்கிய அன்றுதான் அந்த மூன்று கடிதங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்தேன். இரண்டு நாள், நான்கு நாள், இரண்டு வாரம். ஒரு பிள்ளை மெல்ல மெல்லப் பாடசாலையை விட்டு விலகிப் போவதை அந்தத் திகதிகள் சொல்லிக்கொண்டிருந்தன. என்னுடைய ஆங்கிலம் அதை மூடிக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் ஒருவருக்கு நீண்ட நாள் வருத்தம். வாப்பா வெளிநாட்டில். வீட்டைப் பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள். இதற்கு மேல் எழுத அவள் எனக்கு அனுமதி தரவில்லை, ஆகவே எழுதமாட்டேன். உம்மாமார் உள்ளே கதைத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் இருவரும் குசினிப் படியில் இருந்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "யாரும் கேக்காம இரிக்கத்தான் உன்னை எழுதச் சொன்னன். ஆனா நீயும் கேக்க மாட்டா எண்டு நெனைக்கல்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இப்படியெல்லாம் நடந்தபின், அந்தச் சொற்றொடரையே ஒழிக்க வேண்டும், எல்லோரும் எல்லாக் காரணத்தையும் எழுத வேண்டும் என்று நான் வாதாடுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அவள் வீட்டுக்குப் போய் வந்த இரவில் அப்படித்தான் நினைத்தேன். உம்மும்மாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்டு வருத்தத்த ஊருக்கு எழுதிக் கொடுக்க ஏலுமா? மனிசருக்கு மானம் இரிக்கு" என்றார். பிறருடைய குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று சிறு வயதில் ஓதப் போன இடத்தில் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள்தானே. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் கையேறி வரும் ஒரு தாளில், உம்மாவின் நோயை எழுது, வாப்பாவுக்குச் சம்பளம் வரவில்லை என்று எழுது, பஸ்ஸுக்குக் காசில்லை என்று எழுது என்று ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது நியாயமாகாது. பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கு, ஒரு தாளில் எழுத முடியாத உடல்நலக் காரணங்களும் உண்டு. அந்த இடத்தில் இந்த நான்கு சொற்கள் ஒரு திரைச்சீலை. வீட்டுக்குத் திரைச்சீலை வேண்டும்.

ஆனால் அலுவலகத்தின் கதவிலும் அதே திரைச்சீலை எதற்கு?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இந்தச் சொற்றொடரை இரண்டு வகையினர் எழுதுகிறார்கள். ஒருவர், தன்னைப் பற்றிச் சொல்ல வெட்கப்படும், சொன்னால் காயப்படும் தனி மனிதர். அவர் மறைப்பது அவருடைய சொந்தக் கதையை. மற்றவர், பலர் தங்கி நிற்கும் ஒரு பொறுப்பில் இருப்பவர்: அலுவலகம், வகுப்பு நடத்துபவர், மன்றம், கழகம். அவர் மறைப்பது தன் கதையை அல்ல. மற்றவருக்குச் சேர வேண்டிய தகவலை. முதலாமவருக்கு மறைக்க உரிமை இருக்கிறது. இரண்டாமவருக்குச் சொல்லக் கடமை இருக்கிறது. ஆனால் நடைமுறையில் நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளையின் கடிதத்தில் காரணம் போதாது என்று திருப்பி அனுப்புவோம். அலுவலகத்தின் தாளை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிவிடுவோம்.

இது என் ஆசை மட்டுமல்ல, சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச நிறுவனமொன்றிடம் பிரஜைகள் தகவல் கேட்கலாம். தர மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அத்தீர்மானத்துக்கான காரணத்தைச் சொல்லும் கடமையும் அதில் இருக்கிறது. அதே சட்டம், தனி மனிதரின் சொந்த வாழ்க்கை பற்றிய தகவலைத் தேவையில்லாமல் வெளியிடாமல் பாதுகாக்கவும் செய்கிறது. உம்மும்மா சொன்னதும் வாப்பா கேட்டதும் ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நிறுவனத்துக்குள்ளும் மனிதர்தானே இருக்கிறார்கள், அவர்களுடைய சொந்த விடயங்களை எப்படி அறிவித்தலில் போடுவது என்று ஒருவர் கேட்கலாம். போட வேண்டியதில்லை. வகுப்பு எடுக்கும் சேருக்கு என்ன நோய் என்று எங்களுக்குத் தேவையில்லை. "ஆசிரியருக்குச் சுகயீனம், வியாழக்கிழமை வகுப்பு நடக்கும்" என்றால் போதும். "கணினி பழுது, நாளை பத்து மணிக்குப் பின் வரவும், இந்த இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்தவும்" என்றால் போதும். "மண்டபம் கேட்க மறந்துவிட்டோம்" என்றால் போதும். ஏன், எப்போது, யாரிடம் கேட்பது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் அறிவித்தல், அந்த நீண்ட சொற்களை எழுதப் பிடிக்கும் இடத்திலேயே அடங்கிவிடும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாளில் எழுத விருப்பமில்லாததை எழுத வேண்டாம். ஆனால் பாடசாலையில் ஒருவருக்காவது வாயால் சொல்லிவிடுங்கள். வகுப்பாசிரியராக இருக்கலாம், பகுதித் தலைவராக இருக்கலாம், உங்களுக்கு நம்பிக்கையான எந்த டீச்சராகவும் இருக்கலாம். "குடும்ப விடயம், நேரில் சொல்கிறேன்" என்று எழுதினால் மானமும் கெடாது, பிள்ளையும் தனித்துப் போகாது.

தோழியரே, உங்களிடமும் ஒன்று. வகுப்புத் தலைவியாக நான் படித்த பாடம் இது. அந்தச் சொற்றொடர் ஒரு முறை வந்தால் மடித்து உறைக்குள் போடுங்கள். அதே பெயரில் இரண்டாம் முறை வந்தால், கதவை யாரோ மெதுவாகத் தட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போய் "என்ன காரணம்?" என்று கேட்க வேண்டாம்; அது விசாரணை போல இருக்கும். "கொப்பி தரவா? பின்னேரம் வரவா?" என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் அவளே சொல்வாள். சொல்லாவிட்டாலும் கொப்பியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என் தோழி இப்போது பாடசாலைக்கு வருகிறாள். எல்லா நாட்களும் அல்ல. நிலைமையை அறிந்த நாளிலிருந்து டீச்சர் அவளுக்காக நேரம் ஒதுக்குகிறார். கணக்கீட்டில் ஒரு தவணைப் பாடத்தைத் தவறவிட்டால் பிடிப்பது லேசல்ல. வகுப்பில் மூவர் முறை வைத்து அவளுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்களோடு பரீட்சை எழுதுவாளா, அடுத்த வருடம் எழுதுவாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் இரண்டாவது கடிதத்தை எழுதும்போதே கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்று என் மனது அடிக்கடி சொல்லும்.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுப்பதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு வசனங்களை வெட்டச் சொன்னாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெட்டிவிட்டேன்.

சென்ற வாரம் அவள் கொண்டுவந்த கடிதத்தை நான்தான் வாங்கினேன். இம்முறை அவளே தமிழில் எழுதியிருந்தாள். "நேற்று கிளினிக் நாள். விடயம் டீச்சருக்குத் தெரியும்." அவ்வளவுதான் இருந்தது. திகதியைப் பார்த்து உறைக்குள் வைத்துவிட்டு, முதல் நாள் கணக்கீட்டுப் பாடம் எழுதிய என் கொப்பியை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.